பலகை சொல்ல வேண்டியது: வன்னி வீதிகளில் அபாயச் சாமான் ஏற்றும் லொறிகளுக்கு

வன்னியில் மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையைத் தெரியாத பிள்ளை இல்லை. மிதிவெடி அகற்றும் இடத்தில் அதைக் கண்டால், மாடு உள்ளே போனாலும் பின்னால் போகக்கூடாது என்று படித்து வளர்ந்த ஊர்கள் இவை. அதே பிள்ளையின் படலையைக் கடந்து போகும் லொறியின் பின்பக்கச் சாய்சதுரப் பலகை என்ன சொல்கிறது என்று பெரியவர்களுக்கே தெரியாது. அதற்கு லொறித் தொழிலில் இருப்பவர்கள்தான் முக்கிய காரணம். பலகையைப் பொலிசுக்குக் காட்டுகிற பொருளாகவே நினைத்து ஒட்டுகிறார்கள். ஒட்டியபின் திரும்பிப் பார்ப்பதில்லை.

பலகை பொலிசுக்கானது அல்ல. புளியங்குளத்துக்கும் மாங்குளத்துக்கும் இடையில் நடுச்சாமத்தில் பவுசர் ஒன்று பிரண்டு கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஓடி வருவது பக்கத்து வீட்டுக்காரரும், பின்னால் வந்த பஸ்ஸில் இருந்தவர்களும். தீயணைப்பு வண்டி நகரத்திலிருந்து வரவேண்டும். சாரதி மயங்கிக் கிடந்தால் உள்ளே இருப்பது என்ன என்று சொல்ல அந்தப் பலகையை விட்டால் வேறு எதுவும் இல்லை. 2017 ஜூன் 25 அன்று பாகிஸ்தானின் அகமத்பூர் கிழக்கில் பெற்றோல் பவுசர் ஒன்று கவிழ்ந்தது. சிந்திய பெற்றோலை வாளியிலும் போத்தலிலும் அள்ள வந்த சனத்தில் 200 பேருக்கு மேல் எரிந்து செத்தார்கள். 2022இல் எரிபொருளுக்காக நாள்கணக்கில் வரிசையில் நின்ற எங்கள் சனம் அப்படி அள்ள வராது என்று யார் சொல்ல முடியும்?

இன்னொன்றையும் இங்கே மனந்திறந்து பேச வேண்டும். போர்க்காலத்தில், 2002 வரை, மண்ணெண்ணெய், பெற்றோல், பற்றறி, யூரியா என்று வன்னிக்குள் கொண்டுவரத் தடையிருந்த சாமான்களின் பட்டியல் நீளம். சாமானை மறைத்துக் கொண்டுவருவது அப்போது வயிற்றுப்பாடு. அந்தப் பழக்கம் இன்னும் சில முதலாளிமாரின் வாயில் இருக்கிறது: “போர்ட்டைக் கழட்டி உள்ளுக்கு வை தம்பி, கண்டால் மறிப்பாங்கள்.” இன்று அபாயச் சாமான் ஏற்றுவதைத் தடுக்க யாரும் மறிப்பதில்லை. ஒழுங்காக ஏற்றியிருக்கிறதா என்று பார்க்கவே மறிக்கிறார்கள். பலகையைக் கழற்றிவிட்டால் சாமானின் அபாயம் குறையாது. அது என்னவென்று தெரியாமல் கிட்டப்போகிற ஆட்களின் எண்ணிக்கைதான் கூடும்.

பலகையை வாசிக்கும் முறை கடினமில்லை. ஐக்கிய நாடுகளின் பரிந்துரைப்படி அபாயச் சாமான்கள் ஒன்பது வகுப்பாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. வகுப்பு எண் சாய்சதுரத்தின் கீழ் மூலையில் இருக்கும். செம்மஞ்சள் நிறம் வெடிபொருள். சிவப்பு, தீப்பற்றும் வாயு அல்லது திரவம். பச்சை, தீப்பற்றாத வாயு. வெள்ளையில் மண்டையோடு, நஞ்சு. நீலம், தண்ணீர் பட்டால் அபாயம். மஞ்சள், தான் எரியாவிட்டாலும் மற்றதை எரியவைக்கும் ஒட்சியேற்றி. மேலே வெள்ளையும் கீழே கறுப்புமாக இருந்தால் அமிலம், காரம் போல் அரிக்கும் சாமான். இவற்றோடு நான்கு இலக்கத்தில் ஐ.நா. எண் ஒன்று வரும். வகுப்பு “எந்த மாதிரி அபாயம்” என்பதைச் சொல்லும். எண் “எந்தச் சாமான்” என்பதைச் சொல்லும். தீயணைப்புக்காரருக்குத் தேவைப்படுவது எண்.

இந்த வீதிகளில் ஓடும் சாமான்களின் எண்களை ஒவ்வொரு சாரதியும் மனப்பாடமாக வைத்திருக்கலாம். பெற்றோல் 1203, டீசல் 1202, மண்ணெண்ணெய் 1223, சமையல் காஸ் 1075. ஒட்டு வேலைக்கான அசற்றலின் 1001, வைத்தியசாலைக்குப் போகும் ஒட்சிசன் சிலிண்டர் 1072. முல்லைத்தீவு, மன்னார் கரைகளில் மீனுக்கு ஐஸ் அடிக்கும் ஆலைகளுக்குப் போகும் அமோனியா 1005. குடிநீர் சுத்திகரிப்புக்கான குளோரின் வாயு 1017. அமிலம் நிரம்பிய பற்றறி 2794, பற்றறிக்கு ஊற்றும் அமிலம் 2796. குளோரின் இந்தப் பக்கத்துக்குப் புதிய சாமானும் அல்ல. 1950களில் தொடங்கிய பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை எரிசோடாவோடு குளோரினையும் செய்த இடம்.

எண்ணில் நடக்கும் பிழைதான் எங்களுக்கு அதிகம் பயமூட்டுவது. பலகையை அச்சகத்தில் வாங்காமல் ஊரில் பெயர்ப்பலகை எழுதுபவரிடம் கொடுத்து எழுதுவிப்பது வழக்கம். அவர் கை நேர்த்தியானது, ஆனால் அவருக்கு அது வெறும் நான்கு இலக்கம். 1203 என்பது 1230 ஆகிவிட்டால் பெற்றோல் மெதனோல் ஆகிவிடும். மெதனோல் தண்ணீரில் கரையும், சாதாரண தீயணைப்பு நுரையை அழித்துவிடும். அதற்கு வேறு நுரை வேண்டும். 1005 இடம்மாறி 1050 ஆனால் அமோனியா ஐதரசன் குளோரைட் ஆகிவிடும். ஒன்று காரம், மற்றது அமிலம். கந்தக அமிலத்தின் 1830 என்பதை 1380 என்று எழுதினால், அது காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கும் பென்ரபோரேனின் எண். பெயர்ப்பலகைக்காரரிடம் வாயால் எண்ணைச் சொல்லாதீர்கள். சாமானைச் செய்தவர் தரும் பாதுகாப்புத் தரவுத் தாளின் (SDS) 14ஆம் பகுதியில் போக்குவரத்து விவரமும் ஐ.நா. எண்ணும் இருக்கும். அந்தப் பக்கத்தையே கையில் கொடுங்கள். எழுதி முடித்தபின் எழுதாத இன்னொருவர் ஒவ்வொரு இலக்கமாகச் சொல்லி ஒத்துப் பார்க்க வேண்டும்.

அளவையும் பெயர்ப்பலகைக்காரரிடம் கொடுக்க வேண்டும். சாய்சதுரத்தின் ஒவ்வொரு பக்கமும் 250 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது. விளிம்பிலிருந்து 12.5 மில்லிமீற்றர் உள்ளே ஒரு கோடு ஓடும். வகுப்பு எண்ணின் உயரம் குறைந்தது 25 மில்லிமீற்றர். ஐ.நா. எண்ணைச் சாய்சதுரத்தின் நடுவே வெள்ளைப் பட்டியில் எழுதினால் இலக்கம் 65 மில்லிமீற்றர் உயரம் வேண்டும். தனிச் செம்மஞ்சள் தகட்டில் எழுதுவதானால் தகடு குறைந்தது 120க்கு 300, சுற்றிவரக் கறுப்புக் கரை. இந்த அளவுகளுக்குக் காரணம் இருக்கிறது: கிட்டப்போகாமல் தூரத்தில் நின்றே வாசிக்க வேண்டும். உள்ளங்கை அளவு ஸ்டிக்கர் பரலுக்கும் பெட்டிக்கும் ஒட்டுவது. அதை லொறியின் கதவில் ஒட்டிவிட்டுப் பலகை போட்டாயிற்று என்று சொல்வதை அடிக்கடி காண்கிறோம்.

அடுத்தது வெறும் பவுசர். “இறக்கியாச்சு அண்ணை, இனி என்ன?” என்று வவுனியாவுக்குத் திரும்பும்போது பலகையைக் கழற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். பெற்றோல் இறக்கிய தாங்கி வெறுமையாக இல்லை. உள்ளே ஆவி நிற்கிறது. காற்றில் பெற்றோல் ஆவி ஏறத்தாழ 1.4 இலிருந்து 7.6 வீதம் வரை கலந்திருக்கும்போதுதான் வெடிக்கும். தாங்கி நிறைந்திருக்கும்போது ஆவியிடத்தில் காற்றே போதாது. இறக்கியபின் காற்று உள்ளே போய், வெடிக்கிற அளவுக்கு ஆவி ஐதாகிவிடும். பலகையைக் கழற்றிய பவுசரைக் கசிவு ஒட்ட வெல்டிங் பட்டறைக்குள் விட்டால், வெல்டிங் செய்கிறவர் பலகை இல்லாததைப் பார்த்து நம்பித்தான் நெருப்பை எடுப்பார். ஆவி போகக் கழுவி, காற்றோட்டம் கொடுத்து, வாயு அளவி வைத்துப் பார்த்து, பாதுகாப்பு என்று எழுத்தில் தந்தபின்தான் பலகை இறங்க வேண்டும். திரும்பும் வெறும் காஸ் சிலிண்டருக்கும் இதே கதைதான். வால்வைத் திறந்து காட்டி “ஒன்றுமில்லை” என்று சொன்னாலும் அது வெறுமை அல்ல.

இதற்கு நேர்மாறான பிழை கோடையில் வரும். வறட்சியில் கிராமங்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகப் பழைய எரிபொருள் பவுசரைக் கழுவி இறக்குகிறார்கள். அது குடிக்கத் தகுமா என்பது வேறு பெரிய கேள்வி. எரிபொருள் ஏற்றிய தாங்கியில் குடிதண்ணீர் கொண்டுபோகவே கூடாது என்பது எங்கள் உறுதியான எண்ணம். தோட்டத்துக்கும் வீதி வேலைக்கும் கொண்டுபோனாலும் பழைய 1203 அப்படியே ஒட்டியிருக்கும். தண்ணீர் பவுசர் கவிழ்ந்தால் வீதியை மூடி நுரை தேடுவார்கள். அதைவிட மோசமானது, பலகை போட்ட பவுசரில் தண்ணீர்தான் வருகிறது என்று சனம் பழகிப்போவது. அபாயமில்லாத சாமானுக்கு அபாயப் பலகை போடுவதும் முறைகேடு. விவசாயத்துக்குப் போகும் யூரியா, ரி.எஸ்.பி., எம்.ஓ.பி. உரங்கள் அபாயச் சாமான் பட்டியலில் இல்லை. பயத்தில் அவற்றுக்கு மஞ்சள் பலகை ஒட்டினால், அமோனியம் நைத்திரேற்று வரும் நாளில் அந்த மஞ்சளை யாரும் கணக்கெடுக்க மாட்டார்கள்.

அறை பிரித்த பவுசரில் கேள்வி வரும். 13,200 லீற்றர் பவுசரில் பாதி டீசல், பாதி பெற்றோல், எந்த எண்? ஏற்றியிருக்கும் எரிபொருட்களில் மிகக் குறைந்த வெப்பத்தில் தீப்பற்றும் ஆவி விடுவது எதுவோ, அதன் எண் என்பது ஐரோப்பாவும் அமெரிக்காவும் ஏற்றுக்கொண்ட வழி. பெற்றோல் பூச்சியத்துக்குக் கீழே 40 பாகை செல்சியஸிலும் ஆவி விட்டுப் பற்றும். மண்ணெண்ணெய்க்கு 38, டீசலுக்கு 50ஐத் தாண்ட வேண்டும். ஆகவே பெற்றோல் ஓர் அறையில் இருந்தாலே 1203. கிளிநொச்சியில் பெற்றோலை இறக்கிவிட்டு மிச்ச டீசலோடு பரந்தனுக்குப் போகும்போதும் 1203தான், ஏனெனில் பெற்றோல் அறையில் ஆவி இருக்கிறது. இடையில் நிறுத்தி 1202 என்று மாற்றுவது கவனமான வேலை போலத் தெரியும், ஆனால் பிழை.

வெயிலும் புழுதியும் பலகையைத் தின்னும் வேகம் இங்கே அதிகம். சாதாரண ஸ்டிக்கரில் சிவப்புத்தான் முதலில் வெளுக்கும். சிவப்பு வெளுத்துச் செம்மஞ்சளாகத் தெரிந்தால் தூரத்தில் நிற்பவருக்கு அது வெடிபொருள். இன்னும் வெளுத்தால் வெறும் வெள்ளை. புற ஊதா ஒளியைத் தாங்கும் வினைல் ஸ்டிக்கரை அலுமினியத் தகட்டில் ஒட்டி, தகட்டை ரிவெற் அடிப்பது நின்று பிடிக்கும். மடிக்கும் தகட்டுப் பலகை வாங்கினால் கிளிப்பைப் பாருங்கள். கிளிப் உடைந்த பலகை காற்றில் திரும்பி வேறு வகுப்பைக் காட்டிக்கொண்டு ஓடும். கிரவல் வீதியில் போகும் லொறிக்குப் பலகையைப் பின் சில்லுக்கு மேலே பூட்டினால் முதல் மழையோடு சேறு மூடும். சில்லுச் சேறு எறியாத உயரத்தில், ஏணி, குழாய், கதவுப் பிடி எதுவும் மறைக்காத இடத்தில் பூட்ட வேண்டும். படங்கு இழுத்துக் கட்டும் லொறியில் பலகையைப் படங்குக்கு உள்ளே விட்டுக் கட்டுவது தினமும் காணும் காட்சி. படங்கு கட்டி முடித்தபின் பலகை தெரிகிறதா என்று சுற்றிப் பார்ப்பது கிளீனரின் வேலையாக இருக்கட்டும். அழுக்கைத் தண்ணீரும் துணியும் கொண்டு துடையுங்கள். பெற்றோலோ தின்னரோ பட்டால் அச்சு போய்விடும்.

லொறியை அழகுபடுத்துவது எங்கள் சாரதிமாரின் மகிழ்ச்சி. பின்கதவில் பிள்ளையாரும் முருகனும் பூவும் இருக்கட்டும். ஆனால் சாய்சதுர வடிவத்தில் நிறம் நிறமான அலங்காரத்தைப் பலகைக்குப் பக்கத்தில் ஒட்டாதீர்கள். எட்டு அங்குலமாவது இடைவெளி விட்டால் கண் குழம்பாது. அமெரிக்க விதியில், பலகையோடு குழம்பக்கூடிய நிறமும் வடிவமும் உள்ள “கவனமாக ஓட்டுங்கள்” வாசகங்களுக்குக்கூடத் தடை இருக்கிறது.

கலந்து ஏற்றுவதைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இங்கே ஒரே சாமானை நிறைய ஏற்றும் லொறியைவிடக் கடைச்சாமான் எல்லாம் சேர்த்து ஏற்றும் கன்டர், பட்டா போன்ற சிறு லொறிகள்தான் அதிகம். மாரி வெள்ளம் வடிந்ததும் கிணறு இறைத்துத் தொற்று நீக்கப் பிளீச்சிங் பவுடர் பரல் பரலாக வரும். அது 5.1 ஆம் வகுப்பு, மஞ்சள் பலகை. குளோரின் 39 வீதத்துக்குக் குறைந்தால் எண் 2208, கூடினால் 1748. அதே தட்டில் மண்ணெண்ணெய்க் கானும் பற்றறியும் வரும். பிளீச்சிங் பவுடரில் எண்ணெய் ஊறினால் தீப்பெட்டி இல்லாமலே பற்றும். பற்றறி அமிலம் சிந்தினால் குளோரின் வாயு கிளம்பும். காற்றைவிட இரண்டரை மடங்கு பாரமான வாயு அது, தாழ்ந்த இடத்திலும் லொறியின் அடியிலும் தங்கும். மூன்றுக்கும் மூன்று பலகை ஒட்டிவிட்டால் தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். பலகை அங்கே பிழையான ஏற்றத்தைத்தான் விளம்பரப்படுத்துகிறது. பிளீச்சிங் பவுடரைத் தனி நடையில், காய்ந்த தட்டில் மரப்பலகை அடுக்கி, மழை படாமல் கொண்டுவர வேண்டும். ஒட்சிசன் சிலிண்டர் ஏற்றும் தட்டில் கிறீஸ் சிந்தியிருந்தாலும் இதே ஆபத்துத்தான். அதற்குப் பச்சைப் பலகையோடு மஞ்சளும் வேண்டும். பச்சையை மட்டும் பார்த்து “எரியாத வாயு, பயமில்லை” என்று நினைப்பவர்கள் பலர். அமோனியாவுக்கும் இரண்டு பலகை: நஞ்சு வாயுவுக்கானது ஒன்று, அரிப்புக்கானது ஒன்று.

சில ஏற்றங்களுக்குப் பலகை மட்டும் போதாது. கல்குவாரிக்குப் போகும் வெடிமருந்து 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெடிபொருட்கள் சட்டத்தின்கீழ் வருவது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் அசையக்கூடாது, வெடியைத் தூண்டும் டெற்றனேற்றரும் மருந்தும் ஒன்றாகப் போகக்கூடாது. பழைய பற்றறியும் கழிவு எண்ணெயும் சேர்க்கும் லொறிகளுக்கு 2008இல் வந்த பட்டியலிட்ட கழிவு ஒழுங்குவிதிகளின்படி மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதி வேண்டும். பழைய இரும்பு லொறியில் எறிகணை போன்ற ஒன்று தெரிந்தால் அதற்குப் பொருத்தமான பலகை எதுவும் இல்லை. தொடாமல், நகர்த்தாமல், ஆட்களைத் தள்ளிவிட்டு 119க்குச் சொல்ல வேண்டும்.

பலகையும் ஏற்றத்தோடு வரும் பத்திரமும் ஒன்றையே சொல்ல வேண்டும். பத்திரத்தில் சாமானின் முழுப்பெயர், வகுப்பு, ஐ.நா. எண், எத்தனை பரல் அல்லது எத்தனை லீற்றர், அனுப்புபவரின் அவசரத் தொலைபேசி எண் எல்லாம் இருக்க வேண்டும். “கெமிக்கல் 40 கான்” என்று எழுதிய துண்டோடு வரும் ஏற்றத்தை ஏற்காதீர்கள். எம்.வி. எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் 2021இல் எரிந்தபோது, நைத்திரிக் அமிலக் கொள்கலன் ஒன்று கசிவதைத் தெரிந்துகொண்டும் இறக்க இடமில்லாமல் அலைந்து வந்த கதை நாடறிந்தது. லொறிக்கும் அதுதான்: கசிவைக் கண்ட இடத்திலேயே ஏற்றத்தை நிறுத்த உங்களுக்கு அதிகாரம் இருக்க வேண்டும். சாரதிக்கு அந்த அதிகாரத்தை முதலாளி வாயால் அல்ல, எழுத்தில் கொடுக்க வேண்டும்.

பலகை யார் பொறுப்பு என்று கேட்டால் இங்கே எல்லோரும் சாரதியைக் காட்டுவார்கள். அமெரிக்க விதி அப்படியில்லை. சாமானை அனுப்புபவர் பொருத்தமான பலகையை வாகனக்காரரிடம் கொடுக்க வேண்டும். பலகை இல்லாமல் வாகனக்காரர் வண்டியை எடுக்கக்கூடாது. எங்கள் ஊர்களிலிருந்து போய் வெளியே ட்ரக் ஓடும் பிள்ளைகளுக்கு வேறு சில கணக்குகளும் தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் குளோரின், பெரும்பாலான வெடிபொருள், தண்ணீரில் அபாயமானவை போன்றவற்றுக்கு எவ்வளவு குறைந்தாலும் நான்கு பக்கமும் பலகை. பெற்றோல் போன்ற மற்றவை பரலிலும் கானிலும் வந்தால் மொத்தம் 454 கிலோகிராமைத் தொடும்போது. பவுசர் தாங்கியில் வந்தால் அளவுக் கணக்கே இல்லை. பலகை தேவைப்படும் ஏற்றத்தை ஓட்ட உரிமத்தில் தனி மேலொப்பமும் வேண்டும். கனடாவில் பொதுவான எல்லை 500 கிலோகிராம். ஐரோப்பாவில் பவுசரின் முன்னும் பின்னும் 400க்கு 300 மில்லிமீற்றர் செம்மஞ்சள் தகடு. மேல் வரியில் அபாய எண், பெற்றோலுக்கு 33.

பிரித்தானிய முறைப் பெற்றோல் பலகைகளில் 3YE என்று ஒரு குறி இருக்கும். 3 என்றால் நுரை. Y இருந்தால் சிந்தியதை அணைகட்டித் தடுக்க வேண்டும், கழுவி விடக்கூடாது. E என்றால் சனத்தை அப்புறப்படுத்துவதை யோசிக்க வேண்டும். நடுவிலுள்ள எழுத்தை வன்னியில் இரட்டிப்பாகக் கவனிக்க வேண்டும். ஏ9 ஓரத்து வாய்க்கால் எங்காவது ஒரு குளத்துக்கோ வயலுக்கோ போகிறது. சிந்திய டீசலைத் தண்ணீர் அடித்து வாய்க்காலில் தள்ளினால் அடுத்த கிணற்றில் அதுதான் வரும். மண்ணால் வரம்பு போட்டு மறியுங்கள், மேலே மணலோ மரத்தூளோ கொட்டுங்கள்.

விபத்து நடந்து சாரதிக்குக் கைகால் அசையுமானால், எஞ்சினை நிறுத்தி பற்றறி மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் பத்திரத்தோடு இறங்கி, காற்று வரும் பக்கமாக விலக வேண்டும். சிந்தினால் குறைந்தது 50 மீற்றர் சுற்றிவர ஆட்களை விடாதீர்கள். பெற்றோல் பவுசர் பற்றினால் 800 மீற்றர். காஸ் தாங்கி பற்றினால் 1,600 மீற்றர். தொலைபேசியைத் தள்ளி நின்று எடுங்கள். பொலிஸ் 119, தீயணைப்பு 110, காயப்பட்டவருக்கு 1990. பேசும்போது முதலில் எண்: “1203, பெற்றோல்.” பிறகு கிலோமீற்றர்க் கல்லின் எண், பிறகு எத்தனை லீற்றர், கசிகிறதா எரிகிறதா.

பத்திரத்தைச் சாரதி ஆசனத்துக்கு அடியில் திணிக்காமல் கதவுப் பையில், கை எட்டும் இடத்தில் வையுங்கள். பிரதி ஒன்று கிளீனரிடம். பெட்டியில் உங்கள் ஏற்றத்துக்குரிய உதிரிப் பலகை நான்கு, ரிவெற் அடிக்க முடியாத நேரத்தில் கட்டக் கம்பி, துடைக்கத் துணி, தண்ணீர்ப் போத்தல், முக்கோணப் பலகை இரண்டு, மண்வெட்டி ஒன்று. பழைய ஏற்றத்தின் பலகையைப் பெட்டியில் போட்டு வைக்காதீர்கள். அவசரத்தில் கையில் அகப்படுவது அதுவாகத்தான் இருக்கும்.